பக்கத்து வீட்டுத் துப்பறிவாளர்: வாசகர் கேள்வி–பதில்

‘கோஸி’ (cozy, ‘இதமான’) என்ற பெயரில் புழங்கும் மர்ம நாவல்கள் பற்றிச் சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். எழுத முயல்பவர்களின் கேள்விகளே அதிகம் என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘கோஸி’ என்று சொல்லி அடுக்கடுக்காக நாவல் வாங்குகிறாள். அட்டையில் பூனையும் டீக்கோப்பையும். உள்ளே பார்த்தால் கொலை! இதில் என்ன இதம் வேண்டிக் கிடக்கிறது?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

கொலை உண்டு. ஆனால் உங்கள் கண்ணெதிரே நடக்காது. ரத்தம், சித்திரவதை, படுக்கையறைக் காட்சி எல்லாவற்றையும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். செத்தவரும் பெரும்பாலும் ஊரே அலுத்துக்கொண்ட ஆசாமியாக இருப்பார். வட்டிக்கு விட்டு வதைத்தவர், வாரம் ஒரு முறை உயிலை மாற்றி எழுதியவர், இப்படி. அதனால் வாசகருக்குத் துக்கம் குறைவு, ‘யார், ஏன்?’ என்ற கேள்விதான் பெரிதாக நிற்கும். கடைசிப் பக்கத்துக்குள் ஆள் பிடிபட்டு ஊர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் படித்தாலும் தூக்கம் கெடாது.

இதெல்லாம் மேல்தோல். ருசி இருக்கும் இடம் துப்பறிபவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் 1927-ல் ஒரு சிறுகதையில் தலைகாட்டி, 1930-ல் முழு நாவலுக்கு வந்தார். கையில் பின்னல் ஊசி, பேச்சில் ஊர் வம்பு. துப்பாக்கி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரமும் இல்லை. புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால், தன் கிராமத்தில் அதே மாதிரி நடந்துகொண்ட இன்னொரு ஆளை நினைவுக்குக் கொண்டுவருவார். அங்கிருந்து நூல் பிடிப்பார். வீட்டிலும் தெருவிலும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. ‘பொம்பளைங்க வம்பு’ என்று ஒதுக்கித் தள்ளப்படும் அந்த அறிவு, அதிகாரிகளுக்குப் பிடிபடாததைப் பிடிக்கிறது. உங்களுக்கும் தெரிந்த விஷயத்தை வைத்தே முடிச்சு அவிழும்போது, ‘அட, இது நமக்கும் தோன்றியிருக்க வேண்டுமே’ என்று நெற்றியில் தட்டிக்கொள்வீர்களே, மகள் காசு கொடுப்பது அதற்குத்தான். ஒன்றை வாங்கிப் படித்துப் பாருங்கள். மகளுக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட வாய்ப்புண்டு.

தமிழில் இந்த வகை கிடையாதா?
– வாசகர், ஆத்தூர்

துப்பறியும் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நம் துப்பறிவாளர்களில் பெரும்பாலோர் அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் முழுநேரத் துப்பறிவாளர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தியும் நிறுவனம் சார்ந்தவர்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் வக்கீல்கள். வழக்கு அவர்களைத் தேடி வருகிறது.

கோஸிக்குப் பக்கத்தில் வரும் ஒரே பழைய ஆள் என்றால் தேவன் படைத்த சம்பு. பேங்க் குமாஸ்தா, அப்பாவி, போலீஸ் இல்லை. சூழலும் வீட்டு மணம் வீசுவதுதான். ஒரே வித்தியாசம், சம்புவுக்கு அதிர்ஷ்டம் துப்பறிந்து கொடுக்கும். கோஸியில் அதிர்ஷ்டத்துக்கு அந்த வேலையைத் தரக்கூடாது. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் (அவரே மர்மக்கதை எழுதியவர்) துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். தற்செயல் துப்பறிவாளருக்கு உதவக்கூடாது, அவர் கண்ட தடயம் வாசகர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம். சம்புவை அந்தத் தராசில் நிறுத்துவது பாவம். அவர் சிரிக்கவைக்கப் பிறந்தவர்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா. கனமழையில் மலைப்பாதை அடைபட்டு ஏழு பேர் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். இரவில் ஒருவர் கொலை. இப்படித் தொடங்கியிருக்கிறேன். சரிவருமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

ஏற்காட்டுக்காரர் ஒருவர் படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கேட்பார்: ‘குப்பனூர் பாதை என்ன ஆச்சு?’ 20 கொண்டை ஊசி வளைவு கொண்ட அடிவாரம் சாலை மண்சரிவில் அடைபட்டால், குப்பனூர் வழியாக வண்டியைத் திருப்பிவிடுவது வழக்கம். இரண்டையும் அடைத்தால்தான் உங்கள் ஏழு பேர் மாட்டுவார்கள். இரண்டையும் ஒரே இரவில் அடைத்தால், கொலைக்கு வசதியாக எழுத்தாளர் மழை பெய்யவைத்தது பட்டவர்த்தனமாகத் தெரியும். அப்படியும் செல்போன் இருக்கிறதே.

ஆட்களைச் சாலையால் பூட்ட வேண்டியதில்லை, காரணத்தால் பூட்டுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறார்கள். நாளை மதியம்தான் பதிவு. கிளம்பிப் போகிறவர் பங்கை விட்டுக்கொடுத்த மாதிரி. பாதை திறந்தே கிடந்தாலும் ஒருவரும் நகர மாட்டார்கள். மண்சரிவைவிட இந்தப் பூட்டு உறுதியானது, நம் குடும்பங்களுக்குப் பொருந்தியதும்கூட.

மலையை வேறு விதத்தில் பயன்படுத்தலாம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். சாதாரணமாக ஒரு மணி நேரம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அது எங்கேயோ போய்விடும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ‘நான் ஏறிவந்துகொண்டிருந்தேன், எதிரே வந்த லாரிக்காக வளைவில் பத்து நிமிஷம் ஒதுங்கி நின்றேன்’ என்று ஒருவர் வாக்குமூலம் தந்தால், மலையில் வண்டி ஓட்டிப் பழகிய துப்பறிவாளருக்குக் காது நிமிர வேண்டும். ஒதுங்கி நின்றவர் இறங்கிக்கொண்டிருந்தவராக இருக்கலாமே! மூடுபனி, சாலையில் வந்து நிற்கும் காட்டெருமை இரண்டும் நேரக்கணக்கைக் குழப்ப நல்லவை. ஆனால் ஒரு நாவலுக்கு ஒரு தடவைக்கு மேல் காட்டெருமையை அழைக்காதீர்கள்.

எஸ்டேட் பங்களா என்று வைத்துவிட்டீர்கள். அப்படியானால் காப்பி கதைக்குள் வேலை செய்ய வேண்டும், வெறும் வால்பேப்பராகத் தொங்கக்கூடாது. மார்ச், ஏப்ரலில் விழும் கோடை மழைக்குப் பிறகு எட்டு, பத்து நாளில் காப்பிச்செடி பூக்கும். மல்லிகை போன்ற வாசனையோடு தோட்டமே வெள்ளையாகும். மூன்று, நான்கு நாளில் வாடிவிடும். அறுவடை ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ‘டிசம்பரில் அவரோடு தோட்டத்தில் நடந்தேன், காப்பிப்பூ வாசம் ஆளைத் தூக்கியது’ என்று ஒரு விருந்தாளி உருகினால், சென்னை இன்ஸ்பெக்டர் தலையாட்டிக் குறித்துக்கொள்வார். எஸ்டேட் ரைட்டரின் (கணக்கெழுதுபவரின்) மனைவி தலையாட்ட மாட்டார். அந்தப் பொய்யைக் கதையின் முதல் கால்பகுதியிலேயே வைத்துவிடலாம். அழகான வர்ணனை என்று நினைத்து வாசகர் தாண்டிப் போய்விடுவார்.

இன்னொன்று. பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கும் எந்திரத்தில் போட வேண்டும். சாக்கிலேயே ராத்தங்கினால் சூடேறிப் புளிக்கும். மறுநாள் காலையில் புளித்த வாசனையோடு ஒரு மூட்டை கிடந்தால், முந்தின மாலை எந்திரத்தடியில் இருந்ததாகச் சொல்பவர் அங்கே இல்லை என்று அர்த்தம்.

எத்தனை தடயம் வைக்கலாம்? குறைத்தால் ‘ஏமாற்றிவிட்டாய்’ என்கிறார்கள், கூட்டினால் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.
– வாசகி, அஸ்தம்பட்டி

60,000 சொல் நாவலென்றால் எங்கள் கணக்கு இது: சந்தேக நபர்கள் ஐந்து பேர். ஆறுக்கு மேல் போனால் வாசகருக்குப் பெயர் குழம்பும். நான்கென்றால் ஊகிப்பது சுலபம். கொலையாளியைச் சுட்டும் உண்மைத் தடயங்கள் மூன்று. மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு ரகசியம் கொடுங்கள். கள்ளக்கணக்கு, மறைத்த கல்யாணம், விற்றுவிட்ட நகை, எதுவாகவும் இருக்கலாம், கொலையோடு சம்பந்தப்படாததாக இருந்தால் போதும். அந்த ரகசியங்களை மறைக்க அவர்கள் சொல்லும் பொய்களே திசைதிருப்பல். தனியாகப் போலித் தடயம் தயாரிக்க வேண்டியதில்லை. பிணம் மூன்றாம் அத்தியாயத்துக்குள் விழட்டும். மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் இரண்டாவது அடி: இன்னொரு கொலையோ, துப்பறிவாளரின் கருத்து உடைவதோ.

எழுதும் வரிசை தலைகீழ். முதலில் கொலை நாளின் நேர அட்டவணை. இடப்பக்கம் கால்மணிக்கு ஒரு வரி, மேலே ஆட்களின் பெயர். யார் எங்கே இருந்தார், எங்கே இருந்ததாகச் சொல்கிறார் என இரண்டையும் எழுதுங்கள். இரண்டும் ஒட்டாத கட்டங்களில்தான் உங்கள் கதை இருக்கிறது. பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் தடயம் அதிகமானதால் அல்ல. தடயத்தை ஒரு பத்தியின் கடைசி வாக்கியமாக வைத்திருப்பீர்கள். பத்தி முடிவில் நிற்பது கண்ணில் குத்தும். பத்தியின் நடுவில், மூன்று பொருள்களில் இரண்டாவதாக வைத்து, உடனே யாரையாவது சண்டைக்கு இழுத்துவிடுங்கள்.

ஓர் உதாரணம். மாலை ஆறு மணி. மருமகன் ஏற்காடு வீட்டுக்கு வருகிறான். ‘மாமாவுக்குப் பிடிக்குமேன்னு சேலத்துல தட்டுவடை செட்டு வாங்கிட்டு இப்பத்தான் நேரா வர்றேன்’ என்கிறான். மாடியில் மாமா செத்துக் கிடக்கிறார். களேபரத்தில் ஒரு குழந்தை பார்சலைப் பிரித்துத் தின்கிறது. மொறுமொறு என்று சத்தம். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சட்னி தடவிய தட்டுவடை ஒரு மணி நேரம் மலையேறி வந்தால் நமத்துப்போய் நாய்கூட சீண்டாது. ஆக, செட்டு மலைமேலேயே வாங்கியது. ஆள் முன்னாடியே வந்துவிட்டான்.

நல்ல தடயம்தான், ஓட்டை இருக்கிறது. பார்சலில் சட்னியைத் தனியாகக் கட்டித் தருவதும் உண்டே? வாசகர் கடிதம் எழுதுவார். அதனால் பிரிக்கும்போதே சட்னி தடவி, பீட்ரூட் துருவல் தூவிச் செட்டாக இருந்ததைக் காட்ட வேண்டும். ஏரிப்பக்கம் ஒரு தட்டுவடை வண்டி நிற்பதை மூன்றாம் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தடயத்துக்கும் ‘வேறு எப்படி நடந்திருக்கலாம்?’ என்று எழுதி, அந்த வழிகளை முன்கூட்டியே அடைத்துக்கொண்டு வாருங்கள். அடைக்க இரண்டு பக்கத்துக்கு மேல் ஆகிறதென்றால் தடயத்தையே தூக்கிப் போடுவது நல்லது.

நெசவாளர்கள் நிறைந்த அம்மாப்பேட்டையின் வாசகரும் இதைக் கவனிக்கலாம்: தறியை நிறுத்தி மறுபடி ஓட்டத் தொடங்கும் இடத்தில் ஊடை (குறுக்கு நூல்) நெருக்கம் மாறி, துணியில் மெல்லிய கோடு விழக்கூடும். ‘ராத்திரி முழுக்க எழுந்திருக்காம நெய்தேன்’ என்பவரின் துணியில் அந்தக் கோடு. கோடு எதைக் காட்டுகிறது என்று தெரிய நெசவுக் குடும்பத்து ஆள் வேண்டும். கைரேகை நிபுணரால் ஆகாது.

என் துப்பறிவாளர் ரிட்டயர்டு டீச்சர். இன்ஸ்பெக்டர் இவருடைய பழைய மாணவர். எல்லாத் தகவலும் கொடுத்துவிடுகிறார். நண்பர்கள் நம்பும்படி இல்லை என்கிறார்கள்.
– வாசகர், ஓமலூர்

நண்பர்கள் சொல்வது சரி. ‘வாங்க டீச்சர்’ என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டும் இன்ஸ்பெக்டர் கதையைக் கொன்றுவிடுகிறார். அவரிடம் மரியாதை இருக்கட்டும், டீ வாங்கிக் கொடுக்கட்டும், வாயை மட்டும் திறக்காமல் இருக்கட்டும்.

டீச்சருக்கு நேர்வழியில் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்று பாருங்கள். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது (பாலியல் குற்றம் போன்றவை விலக்கு). ஆகவே புகார் கொடுத்தது யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பது டீச்சர் தன் போனிலேயே படிக்கக்கூடிய விஷயம். வில்லங்கச் சான்று எடுத்தால் சொத்து கைமாறிய வரலாறு வந்துவிடும். மிச்சமெல்லாம் வாய்வழி. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, சாவு வீட்டுத் திண்ணை. திண்ணையில் உட்கார அனுமதி தேவையில்லை. யார் அழுதார், யார் அழவில்லை, யார் பத்தாம் நாள் காரியத்துக்கு வரவில்லை என்று அங்கே கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும்.

வேலையை மாற்ற மனமிருந்தால், நாலு வீட்டுக்குள் சந்தேகமில்லாமல் நுழையக்கூடிய ஆளாகப் பாருங்கள். ஜாக்கெட் தைப்பவர், தபால்காரர், கொலுசு வேலைக்காரர், எஸ்டேட்டில் செக்ரோல் (ஆள்வருகைப் பதிவு) எழுதும் ரைட்டர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போதும். ‘இருபது வருஷமா பெட்டியைத் திறக்கவே இல்ல’ என்று நீட்டப்படும் வெள்ளி பளபளவென்றிருந்தால் அவர் சிரித்துவிடுவார். காற்றுப் பட்டுக் கறுக்காத வெள்ளி ஏது?

டீச்சர் தடயத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் காட்சி உங்கள் பிரதியில் இருந்தால் வெட்டிவிடுங்கள். எங்கே, யார் எடுத்தது என்ற பதிவில்லாத பொருளை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். தொடாமல் போட்டோ எடுத்துவிட்டு, அங்கேயே நின்று போலீஸுக்குச் சொல்லட்டும்.

கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, துப்பறிவாளர் விளக்க, கொலையாளி உடைந்து ஒப்புக்கொள்கிறார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். இது பழசாகிவிட்டதா?
– வாசகி, ஏற்காடு

பழசுதான், வாசகர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கல்யாணத்தில் சாம்பார் பழசு என்று யாரும் நிறுத்துவதில்லை. உங்கள் சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. முன்பு இது சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவு. போலீஸ் பக்கத்தில் இல்லாதபோது துப்பறியும் அம்மாளிடம் ஒப்புக்கொண்டால் அது நீதிமன்றத்துக்கு வெளியே தந்த ஒப்புதல். அனுமதி உண்டு, ஆனால் தனியாக நிற்கும் பலம் குறைவு, பொதுவாகத் துணைச்சான்று தேடுவார்கள். ஆக, கூடத்துப் பேச்சின் நோக்கம் அழவைப்பதாக இருக்கக்கூடாது. அந்தப் பேச்சைக் கேட்டுப் பதறி, கொலையாளி ஒளித்துவைத்த பொருளை நோக்கிப் போக வேண்டும். அல்லது அந்தப் பொருள் இருக்கும் இடத்தை அவர் மட்டுமே அறிந்திருப்பது வெளிப்பட வேண்டும். கைதான பிறகு அவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரே தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும்.

பிரிவு எண்களையும் பாருங்கள். நிறையக் கையெழுத்துப் பிரதிகளில் இன்னும் கொலைக்கு ‘302’, சந்தேக மரணத்துக்கு ‘174’. கதை நடப்பது 2024 ஜூலைக்குப் பிறகென்றால் அவை முறையே பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 103, பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவராவது சிரிப்பார்.

விஷம் இல்லாமல் கோஸி உண்டா?
– வாசகர், சங்ககிரி

தாராளமாக. படிக்கட்டில் தள்ளிவிடுவது போதும். முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர், அவர் கை விஷத்துக்குப் பழகியிருந்தது. நீங்கள் விஷம் வைத்தே ஆக வேண்டுமென்றால் சினிமா வழக்கத்தை விடுங்கள்: ஒரு வாய் குடித்ததும் ஆள் சாய்ந்துவிடுவது அரிது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் உள்ள நஞ்சுகூட வேலையைக் காட்டச் சில மணி நேரம் எடுக்கும். ‘கடைசியாகச் சாப்பாடு போட்டது யார்’ என்று ஊர் பழிபோடும் ஆள் தப்பானவராக இருக்க அந்த இடைவெளி உதவும். அளவு, செய்முறை எதுவும் பக்கத்தில் வர வேண்டாம்.

ஏற்காடு மாதிரிச் சின்ன ஊரில் தொடர் நாவல் எழுதினால் எத்தனை கொலைதான் நடத்துவது?
– வாசகர், சூரமங்கலம்

1984 முதல் 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கேபட் கோவ் என்ற குட்டி ஊரில் பிணம் விழுந்துகொண்டேயிருந்தது. மர்மக்கதை ரசிகர்கள் இந்த நோய்க்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தத் தொடரே செய்த வைத்தியம்: கதாநாயகியை அடிக்கடி வெளியூர் அனுப்பியது. உங்களுக்குச் சேலம் கீழேயே இருக்கிறது. செத்தவர் சுற்றுலா வந்தவராக இருக்கட்டும், ஒரு கதை லீ பஜாரில் நடக்கட்டும், இன்னொன்றில் கொலைக்குப் பதில் காணாமற்போன குருமிளகு மூட்டை போதும். உள்ளூரில் வருஷத்துக்கு ஒரு பிணத்துக்கு மேல் வேண்டாம்.

நூலகத்தில் எடுத்த நாவலில், இருபதாம் பக்கத்தில் யாரோ ஒரு பெயரை வட்டம் போட்டு ‘இவன்தான்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். மேலே படிப்பதா, திருப்பிக் கொடுப்பதா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

முதலில் ரப்பரால் அழியுங்கள், அடுத்தவருக்காக. பிறகு படியுங்கள். ஆள் தெரிந்துவிட்டதால், அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு பத்தியிலும் நடுவாக்கியத்தைக் கவனிக்கலாம். எழுத்தாளர் எங்கே எதைப் புதைத்தார் என்று பிடிபடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பென்சில்காரர் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இருபதாம் பக்கத்தில் ஊகித்துவிட்டு அதற்கு மேல் படிக்காமலே திருப்பிக் கொடுத்தவராகவும் இருக்கலாம்.